ஸ்குரோல் சோவுக்குத் தமிழ்ப் பெயர்: 'சுருள்வாள்' வேண்டாம், 'கருக்குவாள்' ஆகுமா?

மடல் 1 – இலங்கை மலையகத்தின் அட்டனிலிருந்து

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

சென்ற வாரம் இங்கே சுற்றுக்கு விடப்பட்ட மரவேலைக் கருவிப் பெயர்ப் பட்டியலில், மரத்தில் நுண்ணிய பூவேலை அரியும் மின்வாளான ஸ்குரோல் சோ (scroll saw) என்னும் இயந்திரத்துக்கு நேரே 'சுருள்வாள்' என்று எழுதியிருக்கக் கண்டேன். பட்டியலைத் தொகுத்தவரின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் ஆறு ஆண்டுகளாக மாலை வேளைகளை அந்த இயந்திரத்தின் முன்னே கழித்து வருபவன் என்ற முறையில், அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

முதற் காரணம், சுருள்வாள் என்ற பெயர் சிலம்பம் பயில்வோரிடம் ஏற்கெனவே வழங்குகிறது என்பது. இடுப்பைச் சுற்றி வைத்திருந்து வேண்டும்போது உருவி வீசுகின்ற நெகிழ்வான எஃகுப் பட்டைக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. தோட்டத்துத் திருவிழாவில் கம்பு சுழற்றிய பெரியவர் ஒருவரிடம் போய், 'நான் சுருள்வாளால் பெயர்ப்பலகை செய்கிறேன்' என்று சொன்னால், அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஆங்கிலப் பெயரிலுள்ள 'ஸ்குரோல்' வாளின் வடிவத்தைக் குறிப்பதன்று; அந்த வாள் அரிந்தெடுக்கும் அலங்காரத்தை, அதாவது கொடிபோல ஓடி நுனியில் சுருண்டு முடியும் பூவேலையைக் குறிப்பது. தமிழில் 'சுருள்வாள்' என்றவுடன் வாளே சுருண்டு கிடப்பதாகப் பொருள் பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, இந்த இயந்திரத்தில் மாட்டும் வாள் அலகுகளுள் (பிளேடுகளுள்) ஒரு வகை உண்மையிலேயே முறுக்கப்பட்டது. சுற்றிவரப் பற்கள் இருப்பதால், பலகையைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் அதனால் அரியலாம். இயந்திரத்துக்கே 'சுருள்' என்று வைத்துவிட்டால், அந்த அலகுக்கு நாளை எதைச் சொல்வது?

இயந்திரத்தைக் கண்டிராதவர்களுக்காக அதன் இயக்கத்தைச் சற்று விளக்குகிறேன். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நீண்ட கைகள். அவற்றின் முனைகளுக்கிடையே 5 அங்குல நீளமான மெல்லிய அலகு ஒன்று, வீணைத் தந்தியைப்போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இழுவிசை சரியாக இருக்கிறதா என்பதை அறிய விரலால் சுண்டிப் பார்ப்பதும் வழக்கமே. தளர்ந்த அலகு மந்தமாக ஒலிக்கும், சரியாக இறுகியது தெளிவாகக் கணீரென்னும். பலரும் பயன்படுத்தும் 5ஆம் இலக்க அலகின் அகலம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான். வேகத்தை மாற்றக்கூடிய இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை மேலும் கீழும் ஓடும். ஓடினாலும் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. மேசைமீது பலகையை வைத்து, வரைந்த கோட்டின் வழியே அலகை நோக்கித் திருப்பித் திருப்பி ஊட்டுபவர் நாமே. ஆகவே வளைவு வாளில் இல்லை, கையில் இருக்கிறது. 'வளைவாள்', 'நெளிவாள்' என்று முன்னர் இங்கே வந்த முன்மொழிவுகளையும் இதே காரணத்துக்காகத்தான் நான் விரும்பவில்லை.

பெயர் தெளிவாக இல்லாததால் வரும் தொல்லையை நானே பட்டிருக்கிறேன். நகரத்துக் கடையொன்றில் தொலைபேசி வழியாக அலகு கேட்டு, பஸ்ஸில் வந்த பொதியை ஆவலோடு பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தவை ஜிக்சோ அலகுகள். ஜிக்சோ கையில் பிடித்து ஓட்டும் கருவி. அதன் அலகு தடித்தது, ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்படுவது. பட்டைவாளோ (பேண்ட் சோ) முனையே இல்லாத வளையமாக இரு சக்கரங்களில் சுற்றுவது. அதன் அலகைப் பலகையின் நடுவிலுள்ள துளைக்குள் நுழைக்க வழியில்லை. நாம் பேசும் இயந்திரத்தின் சிறப்பே அந்த நுழைவில்தான் இருக்கிறது: பலகையின் நடுவே சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி அத்துளையினூடாகச் செலுத்தி, மீண்டும் மாட்டி, ஓரத்தைச் சிறிதும் வெட்டாமல் உள்ளே மட்டும் அரிந்தெடுக்கலாம். 'அ' என்ற எழுத்தின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தை வேறெந்த மின்வாளாலும் இவ்வளவு சுத்தமாக எடுக்க முடியாது. தமிழ் எழுத்துகளில் சுழிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், நம் மொழிக்கென்றே செய்த இயந்திரமோ என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

எனவே வாளின் உருவத்தை விட்டு, அது செய்யும் வேலையிலிருந்து பெயரை எடுப்போம். ஆங்கிலேயர் 'ஸ்குரோல்' என்ற அந்த அலங்காரத்துக்கு நம் சிற்பிகளிடம் 'கொடிக்கருக்கு' என்ற பெயர் இருக்கிறது. கோயில் தூண்களிலும் தேர்களிலும் ஓடுகின்ற இலைக்கொடி வரிசை அதுவே. இதில் எனக்கு வியப்பைத் தந்தது 'கருக்கு' என்ற பகுதி. பழைய அகராதிகளைப் புரட்டினால், செதுக்குவேலை என்பது அச்சொல்லின் ஒரு பொருள். வாள், அரிவாள் முதலியவற்றின் பற்கள் என்பது இன்னொரு பொருள். பனைமட்டையின் இரு விளிம்பிலும் இருந்து கையைக் கிழிக்கும் பற்களை வடக்கிலுள்ள நண்பர்கள் கருக்கு என்றே சொல்வார்கள். மலையகத்தில் பனை இல்லைதான். ஆனால் கதிரறுக்கும் பல்வைத்த கருக்கரிவாளைப் பற்றி வயல் நாட்டு உறவினர் வழியாகவேனும் நாமும் கேட்டிருக்கிறோம். கருவியின் பல்லும் அது செய்யும் பூவேலையும் ஒரே சொல்லுக்குள் அமர்ந்திருக்கும்போது வேறொன்றைத் தேடுவானேன்? 'கருக்குவாள்' என்பதே என் முன்மொழிவு.

'கொடிவாள்' என்று சுருக்கலாமே என்று கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாளேந்திய சிங்கத்தைக் கொடியில் வைத்திருக்கும் நாட்டில், அச்சொல்லைக் கேட்பவரின் நினைவு மரவேலைப் பக்கம் வராது. 'ரம்பம்' என்ற தமிழக வழக்கையும் நான் எடுக்கவில்லை. இங்கே தச்சரிடம் வழங்குவது வாள்தான்.

இதனோடு சேர்ந்த சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். துளைகளாலேயே வடிவம் காட்டும் வேலைக்குத் 'துளைக்கருக்கு', அலகைச் செலுத்த இடும் துளைக்கு 'நுழைதுளை', பல மென்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே தடவையில் அரிவதற்கு 'அடுக்கரிவு', பலகையின் அடிப்பக்கத்தில் சிராம்பு எழாதபடி கீழ்முனையில் சில பற்களை மேல்நோக்கி வைத்த அலகுக்கு 'எதிர்ப்பல் அலகு'. இவற்றில் பெரிய விவாதத்துக்கு இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் பட்டியலில் பினிஷிங் என்பதற்கு 'முடிப்பு' என்று இருப்பதைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட மனமில்லை. முடிப்பு என்றால் வேலை தீர்ந்தது என்று பொருள். உண்மையில் பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. 120ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்து, துளைகளுக்குள் தங்கிய தூளைத் தூரிகையால் தட்டி எடுத்து, அதன் பிறகே பூச்சுக்குப் போகிறோம். இதற்கு 'மெருகு' என்ற நல்ல சொல் இருக்கிறது. எண்ணெய் மெருகு, மெழுகு மெருகு, அரக்கு மெருகு என்று அதை வகைப்படுத்தவும் முடியும். துளைக்கருக்கு வேலைக்குத் தூரிகையால் வார்னிஷ் பூசினால் ஒவ்வொரு துளையின் மூலையிலும் அது தேங்கி வழியும். ஆகையால் அகன்ற தட்டில் எண்ணெயை ஊற்றி, பலகையை முழுவதுமாக அமிழ்த்தி எடுத்துத் துடைப்பதே நல்லது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய தகரத்தில் போட வேண்டும். அரக்கு மெருகு அழகானது, விரைவில் காய்வது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கத்து மூடுபனியில் பூசினால் ஈரத்தைப் பிடித்து வெண்மையாகப் பூத்துவிடுகிறது. இந்தச் சொல்லில் வேறொரு வேடிக்கையும் உண்டு. சிங்களத்தில் அரக்கு என்றால் சாராயம். மதுசாரத்தில் கரைத்த அரக்கைப் போத்தலில் ஊற்றிப் பெயரெழுதி அலுமாரியில் வைத்திருந்தேன். கதவு பழுதுபார்க்க வந்த தச்சு பாஸ் அதைக் கண்டு சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மடல் 2 – பண்டாரவளையிலிருந்து

மதிப்புக்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மடலை இருமுறை வாசித்தேன். 'சுருள்வாள்' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் 'கருக்குவாள்' என்ற சொல்லை என் தங்கையிடம் வாசித்துக் காட்டியபோது, அவள் 'யார் அக்கா, எதைக் கருக்குவாள்?' என்று கேட்டாள். அடுப்பில் வைத்ததை மறந்துவிடும் பெண்ணைப் பற்றிய வாக்கியமாக அது அவள் காதில் விழுந்திருக்கிறது.

இதை வெறும் நகைச்சுவையாக நான் சொல்லவில்லை. நான் செய்யும் பொருள்களை எல்லவுக்கு வரும் பயணிகளுக்கே பெரும்பாலும் விற்கிறேன். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் உருவம், கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் உருவம், வீட்டுப் பெயர்ப்பலகை ஆகியவையே அதிகம் போகின்றன. அண்மைக் காலமாக அதே பாலத்தை லேசர் இயந்திரத்தால் வெட்டிப் பாதி விலைக்குத் தருகிறார்கள். லேசர் மரத்தைச் சுட்டு வெட்டுவதால் அதன் விளிம்பு கபில நிறமாகக் கருகியிருக்கும். வாளால் அரிந்த விளிம்பில் மரத்தின் சொந்த நிறமும் இரேகையும் தெரியும். கிரெவில்லியா (சில்வர் ஓக்) மரப் பலகையில் அரிந்தால் விளிம்பிலும்கூட அந்தப் பட்டுப்போன்ற மினுக்கம் ஓடும். வாங்க வருபவரிடம் நான் திருப்பித் திருப்பிச் சொல்லும் வேறுபாடு இது ஒன்றுதான். இந்த நிலையில் என் பொருளில் ஒட்டும் சீட்டில் 'கருக்கு' என்று நானே எழுதினால், கருகாத விளிம்பைக் காட்டி விற்கும் என் வாதத்தை நானே கெடுத்துக்கொள்வதாகாதா? தமிழ் வாசிக்கத் தெரிந்த உள்ளூர் வாடிக்கையாளர்களும் எனக்கு இருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கும் வீடு குடிபுகுதலுக்கும் பெயர்ப்பலகை கேட்பவர்கள் அவர்களே.

'இழைவாள்' என்று வைத்தால் என்ன? அலகு இழைபோல மெல்லியது, வேலையும் நுணுக்கமானது. சொல் காதுக்கும் மென்மையாக இருக்கிறது.

மெருகு என்ற சொல்லை நான் உடனே எடுத்துக்கொண்டேன். கிரெவில்லியாவின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதையும், தேய்க்கும்போது முகமூடியும் நீண்ட கையுள்ள சட்டையும் தேவை என்பதையும் உங்கள் மெருகுக் குறிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மடல் 3 – அட்டனிலிருந்து

அன்புத் தங்கைக்கு,

உங்கள் தங்கையின் கேள்வி நியாயமானது. அது எனக்குத் தோன்றாமற் போனதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் அதே கேள்வியை அரிவாளிடமும் கேட்கலாம் அல்லவா? 'அவள் காய்கறி அரிவாள்' என்பது முழு வாக்கியம். 'அவளிடம் அரிவாள் இருக்கிறது' என்பதும் முழு வாக்கியம். இரண்டையும் ஒருவரும் குழப்பிக்கொள்வதில்லை, ஏனெனில் பழக்கம் அந்த வேலையைச் செய்துவிட்டது. வாள் என்று முடியும் எந்தப் பெயரிலும் ஒரு பெண்ணின் எதிர்காலச் செயல் ஒளிந்திருக்க இடமுண்டு என்பது தமிழின் குறும்பு.

'இழைவாள்' இனிய சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இழையின் மென்மையை நினைக்கிறீர்கள்; தச்சர் காதிலோ இழைத்தல் என்பது பலகையை மழமழப்பாகச் சீவுவதாகவே விழும். நாம் சீவுளி என்பதைத் தமிழகத்தில் இழைப்புளி என்றே சொல்கிறார்கள். வாளால் எவரும் இழைப்பதில்லை. ஒரு கலைச்சொல் அத்தொழிலின் பக்கத்துக் கருவியோடு மோதுவது, அடுப்படி வாக்கியத்தோடு மோதுவதைவிடப் பெரிய குறை என்பது என் எண்ணம்.

விளிம்பு கருகுவது பற்றிய உங்கள் கவலைக்கு மட்டும் என்னிடம் முழுமையான விடை இல்லை. மழுங்கிய அலகால் தேக்கையோ முதிரையையோ அவசரப்பட்டு அரிந்தால் நம் விளிம்பும் கருகத்தான் செய்கிறது. பொதி ஒட்டும் தெளிவான நாடாவைப் பலகையின்மேல் ஒட்டி அரிந்தால் அது வெகுவாகக் குறைகிறது. சொல்லைப் பொறுத்தவரை, விற்பனைச் சீட்டில் இயந்திரத்தின் பெயர் எதற்கு? உளியின் பெயரை எழுதி எவரும் சிற்பம் விற்பதில்லை. சீட்டில் 'வாளால் அரிந்த பூவேலை, எண்ணெய் மெருகு' என்று எழுதுங்கள். லேசரிலிருந்து உங்களைப் பிரித்துக்காட்ட 'அரிந்த' என்ற ஒரு சொல்லே போதும், ஏனெனில் லேசர் அரிவதில்லை. 'கருக்குவாள்' கருவிப் பட்டியலிலும் பயிற்சிக் குறிப்பிலும் இருக்கட்டும். அங்கே வாசிப்பவர் படத்தையும் பக்கத்திலேயே பார்ப்பார்.

துளைக்கருக்கு என்பதையும் உங்கள் காரணத்துக்காகவே 'துளைப்பூவேலை' என்று மாற்றிக்கொள்கிறேன். வேலையின் பெயர் வாங்குபவரின் வாயில் புழங்க வேண்டியது, கருவியின் பெயர் அப்படியன்று. தூள் பற்றிய குறிப்பைச் சேர்த்துவிட்டேன்.

பட்டியலைத் தொகுப்பவர் 'சுருள்வாள்' இருக்கும் வரியைத் திருத்தும்போது, அதன் கீழேயே 'முறுக்கலகு' என்று ஒரு வரியைச் சேர்த்து, சுற்றிவரப் பற்களுள்ள அந்த அலகைக் குறித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் அரிதடம் அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும் என்பதையும் விளக்கத்தில் எழுதினால், புதிதாக வாங்குபவர் ஏமாற மாட்டார்.