ஆர்கன் துருத்திக்கு நல்ல ஆட்டுத்தோல் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் மூடிக்கிடக்கும் எஸ்டேட் சிற்றாலயத்தின் பழைய பைப் ஆர்கனை (துருத்திக் காற்றால் குழாய்கள் ஒலிக்கும் இசைக்கருவி) குன்னூரில் எங்கள் ஆலயத்துக்குக் கொண்டுவரப் போகிறோம். மரப்பெட்டிக்குக் குறையில்லை. துருத்திதான் கந்தல். மடிப்புத் தோல் அப்பளம்போல் நொறுங்குகிறது. ஓர் ஓட்டையில் யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருக்கிறார்! காற்று தங்காவிட்டால் குழாய் எப்படிப் பாடும்?

மெல்லிய, எங்கும் ஒரே தடிமனான ஆட்டுத்தோல் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் சில்லறையாகக் கிடைக்குமா? வச்சிரப் பசையால்தான் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுப்பது) ஒட்டுவோம். பின்னால் வருகிறவர்கள் வெந்நீர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், உலோகக் குழாய்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். நீளமானது 8 அடி. மலைப்பாதை வளைவுகளில் லாரி குலுக்குமே, எதில் படுக்கவைத்து எடுத்துவருவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குமுன் இறக்கியாக வேண்டும்.