கலைச்சொல் இழை: மாட்டுக்கு ஐவிஎஃப், எம்ப்ரியோ டிரான்ஸ்ஃபர் – தமிழில் என்ன எழுதலாம்?

கையேடு மொழிபெயர்ப்பவர், ஈரோடு:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். மாடு வளர்ப்பவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ஐவிஎஃப்பும் (ஆய்வகத்தில் கரு உண்டாக்குவது) எம்ப்ரியோ டிரான்ஸ்ஃபரும் (ஒரு மாட்டின் கருவை இன்னொரு மாட்டின் கருப்பையில் வைப்பது)தான் அதில் பாதி. பார்க்கிற இடமெல்லாம் "கருமாற்றம்", "கரு மாற்றுத் தொழில்நுட்பம்" என்றிருப்பதால் வரைவில் அதையே போட்டு, படித்துப் பார்க்கச் சொல்லி ஊரில் சிலரிடம் கொடுத்தேன். ஒருவர், "எங்க மாட்டுக் கருவை எடுத்துட்டு வேற கருவை வைப்பீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் இது மரபணு மாற்றுப் பருத்தி மாதிரியா என்றார். இரண்டுமே தப்பு, ஆனால் அந்தச் சொல்லைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையேட்டின் கடைசியில் கன்றுப் பதிவேடு ஒரு பக்கம் இருக்கிறது. அதில் "தாய்" என்று ஒரு கட்டம். எந்த மாட்டின் காதுத்தோடு எண்ணை எழுதச் சொல்வது? முட்டை கொடுத்த மாடா, ஈன்ற மாடா? சொல்லைச் சரியாக வைத்தால் இந்தக் குழப்பமும் தீரும் என்று நினைக்கிறேன். உதவுங்கள்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

சொல் தேடுமுன் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் இரண்டு வழி இருக்கிறது, எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய வழியில் நல்ல பசுவுக்கு, முட்டை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் ஊசியை நான்கு நாள், காலையும் மாலையும், அளவைக் குறைத்துக்கொண்டே போடுவோம். வழக்கமாகப் பருவத்துக்கு ஒரு முட்டை விடுகிற மாடு அப்போது பல முட்டை விடும். பருவத்துக்கு வந்ததும் சினை ஊசி போட்டு, ஏழாம் நாள் கருப்பைக்குள் ரப்பர் குழாய் விட்டுத் திரவத்தால் அலசி, வெளியே வருகிற கருக்களை நுண்ணோக்கியில் தேடி எடுப்போம். இங்கே கரு உண்டானது அந்தப் பசுவின் வயிற்றிலேயே.

ஐவிஎஃப் அப்படியில்லை. ஸ்கேன் கருவியும் நீள ஊசியும் உள்ளே செலுத்தி, சினைப்பையிலிருந்து முட்டையை மட்டும் உறிஞ்சி எடுக்கிறோம். அதை ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முதிரவைத்து, விந்தணுவோடு சேர்த்து, 38.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு வாரம் வளர்த்தால்தான் அது மாட்டுக்குள் வைக்கத் தகுந்த கரு. ஆக "கருக்கொடைப் பசு" என்று யாராவது சொல்ல வருவீர்கள், அது முதல் வழிக்குத்தான் பொருந்தும். இரண்டாவதில் பசு கொடுப்பது முட்டை மட்டுமே, கருவை உண்டாக்குவது ஆய்வகம்.

கடைசிப் படி இரண்டுக்கும் ஒன்றுதான். பருவத்துக்கு வந்து ஏழு நாளான, சினையில்லாத வேறொரு மாட்டின் கருப்பையில், எந்தப் பக்கத்துச் சினைப்பையில் முட்டை வெளிப்பட்டதோ அந்தப் பக்கத்துக் கருப்பைக் கிளையில் (கருப்பைக் கொம்பு என்போம்) கருவைக் கொண்டுபோய் வைக்கிறோம். வெறும் மாட்டுக்குத்தான் வைக்கிறோம், எதையும் எடுத்துவிட்டு வைப்பதில்லை. அதனால் "மாற்றம்" என்ற சொல்லின் மேல் அந்த விவசாயிக்கு வந்த சந்தேகம் நியாயமானது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

"மாற்றம்" என்றால் பழந்தமிழில் சொல், மறுமொழி என்றும் பொருள் உண்டு. இடம்பெயர்த்தலுக்கு அது எப்போதுமே தெளிவான சொல்லாக இருந்ததில்லை. அதை விடலாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் "கரு" என்ற முதற்பாதியை ஏன் யாரும் கேள்வி கேட்கவில்லை?

விலங்குக்குச் சினை, மனிதருக்குக் கர்ப்பம் என்பது இன்றைய வழக்கு. சினை என்பதற்கோ எத்தனை முகம்! மீனின் முட்டை சினை, மரத்தின் கிளை சினை, இலக்கணத்தில் உறுப்பு சினை. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று அறுவகைப் பெயரைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் என்கிற முழுப்பொருளின் ஒரு பகுதி சினை. ஒரு பசுவின் உடலிலிருந்து பிரித்தெடுத்த முட்டைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறெங்கே கிடைக்கும்? அடுத்து சூல். அது விலங்கு, மனிதர், பயிர், மேகம் எல்லாவற்றுக்கும் பொது. திருமுருகாற்றுப்படை "கமஞ்சூல் மாமழை" என்கிறது, கமம் என்றால் நிறைவு என்று தொல்காப்பியம் உரியியல் சொல்கிறது. நெற்பயிரும் சூல் கொள்ளும். ஆகவே என் பரிந்துரை "சூற்பெயர்ப்பு". பெயர்த்து நடுவது நாற்றங்கால் வேலை, உழவருக்குப் புரியாமல் போகாது.

இன்னொன்று. மரபணு சார்ந்த அறிவியலை "மரபியல்" என்றே எழுதுகிறோம். தொல்காப்பியத்தில் மரபியல் என்பது சொல்மரபு பேசும் இயல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப்பெயர் ஒன்பதும் அங்கேதான் வருகின்றன. அந்தப் பெயரை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டியதைப் பற்றித் தனி இழை தொடங்க வேண்டும்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஐயா சொல்கிற சூல் எங்கள் பக்கத்துப் பாடப்புத்தகங்களில் ஏற்கனவே முட்டைக்குப் போய்விட்டது, சூலகம் என்பது சினைப்பை. அதனால் "சூற்பெயர்ப்பு" என்றால் என் மாணவர்கள் கருக்கட்டாத முட்டையைப் பெயர்ப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எம்ப்ரியோவுக்கு நாங்கள் முளையம் என்கிறோம். கரு என்றால் எங்களுக்குக் கலத்தின் நடுவிலுள்ள நியூக்ளியஸும்தான். "கருமாற்றம்" என்று படித்தால் குளோனிங்கில் நியூக்ளியஸை எடுத்து வைக்கிற வேலை என்றே முதலில் தோன்றும், அதுவும் மாட்டில் செய்கிற வேலைதான் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. "முளைய இடமாற்றம்" என்று போட்டுவிட்டால் இரண்டு கரையிலும் பிழையில்லை.

கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர், கோவை:

முளையம் என்றால் இங்கே முளைப்பயறுதான் நினைவுக்கு வரும் டீச்சர், மன்னிக்கவும். விவசாயிக்கான கையேட்டில் அது ஓடாது.

ஐவிஎஃப்புக்கு இன்னும் யாரும் வரவில்லையே. "சோதனைக்குழாய்" வேண்டாம், வேலை நடப்பது தட்டையான கிண்ணத்தில். "வெளிக்கருவுறுதல்" தவளைக்கும் மீனுக்கும் போய்விட்டது. இன் விட்ரோ என்றால் லத்தீனில் கண்ணாடிக்குள் என்று பொருள், அதனால் பாத்திரத்தைக் குறிக்கும் கலம் என்ற சொல்லை வைத்துக் "கலக்கருவாக்கம்" என்று சொல்லிப் பார்க்கலாம். அல்லது ஐவிஎஃப் என்றே விட்டுவிடலாம். ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மைய விளம்பரப் பலகை நிற்கிறது, ஐவிஎஃப் தெரியாத வீடு ஏது?

எம்ப்ரியோ டிரான்ஸ்ஃபருக்கு "கருப்பதியம்". பதியம் போடுவது எல்லோருக்கும் தெரியும்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

கலம் எங்களுக்கு செல். "கலக்கருவாக்கம்" எங்கள் மாணவர்களுக்கு வேறெதையோ சொல்லும். ஒரு கரையில் பாத்திரம், மறு கரையில் செல் என்று ஒரே சொல் இரண்டாகக் கிடப்பதே இத்தனை காலமாக வருத்தம், அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டாம்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

பதியமும் சரிவராது. நாங்கள் வைக்கிற ஏழு நாள் கரு கருப்பைக்குள் எதையும் பற்றாமல் மிதந்துகொண்டிருக்கும். கருப்பைச் சுவரோடு அது ஒட்ட ஆரம்பிப்பதே மூன்றாம் வாரத்தில்தான். அதைத்தான் கரு பதிதல் என்கிறோம், அதில்தான் பல கருக்கள் தோற்கின்றன. நாங்கள் வைத்தவுடனே பதிந்துவிட்டது என்று விவசாயி நினைத்தால், மாடு மறுபடி பருவத்துக்கு வரும்போது ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார். சொல்லே பொய் வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

காங்கேயம் மாடு வளர்ப்பவர், தாராபுரம் பக்கம்:

பெரியவர்களுக்கு வணக்கம். எங்க ஊரில் செயற்கைமுறை கருவூட்டல் என்று பலகையில் எழுதியிருக்கும், வாயில் வருவது "சினை ஊசி". இதையும் ஜனங்கள் "கரு ஊசி" என்றுதான் சொல்லுவாங்க, நீங்க என்ன அச்சடித்தாலும். அப்புறம், ரத்தம் ஏத்துறோம், குளுக்கோஸ் ஏத்துறோம் என்கிற மாதிரி "கரு ஏத்துறது" என்றும் வரும். யாரும் "மாத்துறது" என்று சொல்ல மாட்டாங்க.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுமக்கிற மாட்டை "வாடகைத்தாய்" என்று பேப்பரில் போடுகிறார்கள். வாடகை யாருக்குப் போகிறது? மாட்டுக்கா? காங்கேயம் கருவை ஒரு கலப்பின மாட்டில் வைத்தால் பிறப்பது சுத்தக் காங்கேயம்தான், சரி. ஆனால் ஒன்பது மாதத்துக்கு மேல் சுமப்பது அந்த மாடு, ஈன்று சீம்பால் கொடுப்பது அந்த மாடு. அதை வாடகை என்று எழுதாதீங்க.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

சீம்பாலைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போகாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கிற சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. ஆக இனக்குணம் முட்டை கொடுத்த பசுவிடமிருந்தும் காளையிடமிருந்தும், முதல் எதிர்ப்பு சக்தி ஈன்ற பசுவிடமிருந்து. தடுப்பூசிக் கணக்கு பார்க்கும்போது எனக்கு வேண்டியது ஈன்ற பசுவின் எண். காளைக்கன்றைப் பொலிகாளையாகத் தேர்ந்தெடுக்கும்போது வேண்டியது மற்றதின் எண்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இதற்கு அகப்பாட்டில் வழி இருக்கிறது. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். முட்டை தந்த பசுவை நற்றாய் என்றும் சுமந்ததைச் செவிலி என்றும் குறிக்கலாமே?

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

செவிலி பெறாதவள் ஐயா. இங்கே பெறுபவளே செவிலியாகிவிடுகிறாள். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று பாடினாளே புறநானூற்றுத் தாய், அந்த ஈனுதலை முட்டை தந்த பசு செய்யவில்லை. ஈன்றவளையே நற்றாய் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1890இல் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அங்கோரா முயலின் கருக்களை வேறு இன முயலுக்குள் வைத்து, அதன் சொந்தக் குட்டிகளோடு அங்கோராக் குட்டிகளும் பிறந்தபோதே இந்தக் கேள்வி வந்துவிட்டது, நம் மொழி இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

ஒத்துக்கொள்ள முடியவில்லை என்றாலும் விட்டுவிடுகிறேன். தாராபுரத்துத் தம்பி சொன்ன "ஏத்துறது" என்னை யோசிக்க வைத்தது. கரு என்பதில் உள்ள உகரம் முற்றியலுகரம், ஆகவே அது கெடாமல் வகர உடம்படுமெய் பெற்றுக் "கருவேற்றம்" என்று புணரும். ஏறு என்றால் காளை. ஏறு தழுவுதல் நமக்குத் தெரியும். ஆனால் ஏற்றம் என்றதும் காளை பசுமேல் ஏறுவது நினைவுக்கு வராதா? அந்த ஒரு தயக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரு ஆய்வகங்களில் பிரேசில் இன்று எங்கோ போய்விட்டது என்கிறார்கள், அங்கே பெரும்பான்மை மாட்டினத்தின் பெயர் நெலோர். அது நம் நெல்லூர்! அந்தப் பக்கத்து ஓங்கோல் மாடுகள் கப்பலேறிப் போய் அங்கே அந்தப் பெயரோடு நிலைத்துவிட்டன. நெல் விளையும் ஊர் நெல்லூர் என்பாரும் உளர், நெல்லி என்பாரும் உளர்...

கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர், கோவை:

ஐயா, நெல்லூருக்குத் தனி இழை. நாளை வியாழன்.

"கருவேற்றம்" எனக்குச் சம்மதம். காளை நினைவு வந்தாலும் கெடுதல் இல்லை, சினை ஊசி வந்தபோதே காளைக்குச் சேர்ப்பது குறைந்துவிட்டது. ஐவிஎஃப்புக்கு "ஆய்வகக் கருவாக்கம்" என்று நேராகச் சொல்லிவிடலாம், இன் விட்ரோவை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் கூடவே ஐவிஎஃப் என்பதையும் எழுதுங்கள்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஆய்வகக் கருவாக்கத்துக்கு ஓம். கருவேற்றத்துக்கு இல்லை. நியூக்ளியஸ் குழப்பம் அப்படியே இருக்கிறது. உங்கள் கையேடு தமிழ்நாட்டு விவசாயிக்கு என்பதால் தடுக்கவில்லை, பொதுக் கலைச்சொல் பட்டியலில் இதை ஏற்றினால் அங்கே எழுதுவேன்.

கையேடு மொழிபெயர்ப்பவர், ஈரோடு:

எல்லோருக்கும் நன்றி. இன்றிரவு பக்கங்களை அனுப்ப வேண்டும், அதனால் இப்படி முடித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் "ஆய்வகக் கருவாக்கம் என்கிற ஐவிஎஃப்", பிறகு இடத்துக்குத் தக்கபடி இரண்டும். எம்ப்ரியோ டிரான்ஸ்ஃபர் "கருவேற்றம்", முதல் தடவை வரும் இடத்தில் "சினையில்லாத மாட்டின் கருப்பையில் கருவைக் கொண்டுபோய் வைப்பது" என்று ஒரு வரி விளக்கம், அதன் கீழேயே கரு பதிய நாளாகும், பதியாமலும் போகலாம் என்ற டாக்டரின் எச்சரிக்கை. மாடுகளுக்கு "முட்டை தந்த பசு", "ஈன்ற பசு". பழைய அலசும் முறை வரும் அத்தியாயத்தில் மட்டும் "கரு தந்த பசு". வாடகை என்ற சொல் எங்கும் இல்லை.

பதிவேட்டில் "தாய்" கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு கட்டம், இரண்டு எண்.

காங்கேயம் மாடு வளர்ப்பவர், தாராபுரம் பக்கம்:

நல்லதுங்க. ஆனால் கன்று விற்கும்போது வாங்குகிறவர் "தாய் எது?" என்றுதான் முதலில் கேட்பார். காட்டுவதற்குத் தொழுவத்தில் நிற்பது ஈன்ற மாடு. விலை மற்றதை வைத்து. அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்றும் கையேட்டில் இரண்டு வரி இருந்தால் எங்களுக்கு உபயோகம்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

டிஎன்ஏ பெற்றோர் சோதனை என்று ஒன்று இருப்பதைச் சொல்லுங்கள், அந்த இரண்டு வரிக்கு அது போதும். காளையின் உறைவிந்துக் குச்சி எண்ணுக்கும் ஒரு கட்டம் விடுங்கள், வரைவில் காணவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

தாய் என்ற கட்டம் இல்லாமல் ஒரு கன்றுப் பதிவேடு அச்சாவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரையும் தாய் என்று எழுதுங்கள், தமிழ் அதைத் தாங்கும். சூற்பெயர்ப்பை நான் இன்னும் கைவிடவில்லை, இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுகிறேன்.