வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள்: எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கரூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. கரூரில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு முதலியவற்றை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டேன். மாதவிடாய் 28 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறது, போக்கும் அதிகமில்லை.

எட்டு மாதங்களாக வெள்ளைப்படுதல் இருக்கிறது. தண்ணீர் போல, சாம்பல் கலந்த வெண்மையாகப் படுகிறது. அரிப்பு சிறிதளவுதான், ஆனால் மீன் கழுவிய நீரைப் போன்ற ஒரு வாடை வருகிறது. கணவருடன் சேர்ந்த பிறகு அந்த வாடை கூடுகிறது என்பதால் அவர் அருகில் வருவதையே தவிர்க்கத் தொடங்கிவிட்டேன். அடுத்த இருக்கையில் தைக்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், கிருமிநாசினி கலந்த நீரால் காலையும் மாலையும் உள்ளே வரை கழுவுகிறேன். மருந்துக்கடையில் சொல்லி, ஒரே அட்டையில் நான்கு மாத்திரைகள் உள்ள மருந்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பத்து நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி வந்துவிடும்.

என் மாமியார், "இது உடம்புச் சூடு, விட்டால் எலும்பு உருகி வெளியே வந்துவிடும்" என்று வெந்தயமும் உளுந்தங்கஞ்சியும் கொடுக்கிறார். சென்ற மாதம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேனில் 2 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி தெரிகிறது என்றும், கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது என்றும் சொல்லி, "பிள்ளைகள் பெற்றாயிற்று, இனி இந்தக் கர்ப்பப்பை எதற்கு, எடுத்துவிட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் பயமும் இல்லை" என்றார்கள். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்றார்கள். வெளியே வந்த நீரை எடுத்து எந்தச் சோதனையும் செய்யவில்லை. என் கணவர் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்

அன்புத் தங்கைக்கு, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. முதலில் எலும்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகப் போய் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். வெள்ளையாகப் படுவது எலும்பும் அல்ல, சத்தும் அல்ல. கர்ப்பப்பை வாயிலும் யோனியின் சுவரிலும் இயல்பாகவே ஊறும் ஈரமும், உதிரும் பழைய செல்களும் சேர்ந்ததுதான் அது. மாதவிடாய்க்கும் மாதவிடாய்க்கும் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் தெளிவான நீர் வரும். அதன் பிறகு கெட்டியாக, பால் வெண்மையாக மாறும். வாடையும் அரிப்பும் எரிச்சலும் இல்லாத வரை இதற்கு மருந்தே வேண்டாம். உளுந்தங்கஞ்சி நல்ல உணவு, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் உங்களுக்கு வாடை வருவதால், இதை இயல்பு என்று விட்டுவிடவும் முடியாது.

அடுத்து, அந்தக் கிருமிநாசினிக் கழுவலை இன்றே நிறுத்துங்கள். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. தயிரில் இருப்பவற்றின் இனத்தைச் சேர்ந்த நல்ல நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து, ஒருவகை அமிலத்தைச் சுரந்து, கெட்ட கிருமிகளைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கின்றன. நீங்கள் காலையும் மாலையும் உள்ளே கழுவும்போது காவல்காரனைத்தான் முதலில் விரட்டுகிறீர்கள். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளாடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அவற்றைப் பாவாடைக்கும் துண்டுக்கும் அடியில் மறைத்துக் காயப்போடுகிறோம், அரைகுறை ஈரத்தோடு எடுத்து உடுத்துகிறோம். அந்த ஈரம் தோல் எரிச்சலுக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். வெயிலில் காயப்போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புற்றுநோய் பயத்தைக் காட்டி அறுவைக்கு அழைத்தார்கள் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு விடை எங்கள் மாவட்டத்திலேயே கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி, அம்பிளிக்கை என்ற ஊரை மையமாகக் கொண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையான பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதனையைச் செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். பிற்காலத்தில் புற்றாகக்கூடிய மாறுதல் அடைந்த இடம் இருந்தால் அது மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். ஒரே ஒரு முறை அந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. அதே சோதனையை இப்போது 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்கிறார்கள். கால் மணி நேரத்தில் வீடு திரும்பலாம், மயக்க மருந்தும் தையலும் கிடையாது. அதைச் செய்துகொள்ளாமல் கர்ப்பப்பையைக் கொடுத்துவிடாதீர்கள், தங்கையே.

பதில் 2: மகளிர் நல மருத்துவர்

நேரில் பரிசோதிக்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்வது முறையாகாது. ஆனாலும் நீங்கள் விவரித்த விதம் தெளிவாக இருப்பதால், எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியும்.

நோயினால் வரும் வெள்ளைப்படுதலில் மூன்று வகைகளை அடிக்கடி பார்க்கிறோம். பூஞ்சைத் தொற்றில் திரிந்த தயிர் போலக் கட்டிகட்டியாக வரும். வாடை பெரிதாக இராது, அரிப்பும் சிவப்பும்தான் தாங்க முடியாதவையாக இருக்கும். டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வருவது மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்து வரும். இது உடலுறவால் பரவுவதால் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுக்க வேண்டும். நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து மற்றவை பெருகுவதால் வரும் பாக்டீரியல் வஜினோசிஸ் மூன்றாவது. சாம்பல் வெண்மை, நீர்த்த தன்மை, மீன் வாடை, உறவுக்குப் பின் வாடை கூடுதல் ஆகிய நான்கையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கழுவும் பழக்கம் இதை வளர்க்கும் என்று செவிலியர் அம்மா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இதை உறுதிசெய்யப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. யோனிச் சுவரிலிருந்து எடுத்த நீரை ஓர் அமிலத்தாளில் தொட்டால், இயல்பாக 4.5க்குள் இருக்க வேண்டிய pH (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் குறைந்தால் இது கூடும்) கூடியிருப்பது நிறத்தில் தெரிந்துவிடும். ஒரு சொட்டை உப்புநீரில் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட இழைகள் தெரியும், ஒட்டுண்ணி இருந்தால் அது நீந்துவதையே பார்க்கலாம், வஜினோசிஸ் என்றால் செல்களின் ஓரமெல்லாம் பொடி ரவை ஒட்டியது போலக் கிருமிகள் அப்பியிருக்கும். சில நிமிடங்களில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் அறுவைக்கு நாள் குறிப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

நீங்கள் வாங்கிச் சாப்பிட்ட அட்டையில் பெரும்பாலும் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் ஒன்று, ஆன்டிபயாட்டிக்கான அசித்ரோமைசின் ஒன்று, ஒட்டுண்ணிக்கும் வஜினோசிஸுக்கும் தரப்படும் செக்னிடசோல் இரண்டு என்று இருக்கும். எதற்கு என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுடுவது போன்றது அது. அதிலுள்ள ஆன்டிபயாட்டிக்கே சிலருக்குப் பூஞ்சையைப் புதிதாகக் கொண்டுவந்துவிடும். வஜினோசிஸ் என்று உறுதியானால் வழக்கமான சிகிச்சை மெட்ரோனிடசோல், ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக ஏழு நாட்கள். அறிகுறி நான்காம் நாளே நின்றாலும் ஏழு நாளையும் முடிக்க வேண்டும். முறையாகச் சிகிச்சை எடுத்தாலும், பாதிப் பேருக்கு மேல் ஓராண்டுக்குள் ஒருமுறை திரும்ப வருவதுண்டு. அப்படி வந்தால் மீண்டும் பரிசோதித்து நீண்ட நாள் சிகிச்சை தருவோம். அதற்காகக் கர்ப்பப்பையை எடுப்பதில்லை. தொற்று இருப்பது யோனியில். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் யோனி அங்கேயேதான் இருக்கும்.

"புண்" என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்த ஒரு சொல்லால் எத்தனையோ பெண்கள் அறுவை மேசைக்கு வந்திருக்கிறார்கள். கர்ப்பப்பை வாயின் உட்பக்கத்து மென்மையான செல்கள் வெளிப்பக்கமாக வந்து படர்ந்தால் அந்த இடம் செக்கச்செவேலென்று தெரியும். பார்ப்பதற்குப் புண் போலிருக்கும், ஆனால் தோல் உரிந்த புண் அல்ல. இது பல பெண்களிடம் இயல்பாகவே காணப்படும் நிலை, இதனால் வெள்ளைப்படுதல் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். சிவப்பு உண்மையில் இந்த வகையா, வேறு மாறுதலா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதால் அசிட்டிக் அமிலச் சோதனையோ, பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயின் செல்களைத் தேய்த்தெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), எச்.பி.வி. சோதனையோ (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடுவது) அவசியம். அதேபோல் 2 செ.மீ. நார்க்கட்டி, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும் புற்றல்லாத கட்டி, அதிக இரத்தப்போக்கும் வலியும் இல்லாதவரை, கண்காணித்தால் போதும். ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஏதாவது ஒரு நார்க்கட்டி இருக்கவே செய்யும்.

உறவுக்குப் பின் இரத்தம் படுதல், இரு மாதவிடாய்க்கு இடையே இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், இரத்தம் கலந்த துர்நாற்ற நீர், காய்ச்சலுடன் அடிவயிற்று வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, உங்களுக்காக மட்டுமல்லாமல் படிக்கும் எல்லாருக்காகவும். கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுகிறது என்று சொன்னவர்களிடம் தொற்றைவிட மனச்சுமையும் உடற்சோர்வுமே அதிகத் தொடர்புடன் காணப்பட்டன. வீட்டில் சொல்ல முடியாத துயரத்தை வெள்ளைப்படுதல் என்ற பெயரில் மருத்துவரிடம் சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சோதனையில் ஒன்றும் இல்லை என்றால், "ஒன்றும் இல்லை, போங்கள்" என்று அனுப்பாமல் அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டியது எங்கள் கடமை.

பதில் 3: ஈரோடு தோழி

சகோதரி, நான் 37 வயதில் இதே காரணத்துக்காகக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டவள். சினைப்பையையும் எடுத்தால் அன்றோடு மாதவிடாய் நின்றவளின் உடம்பாகிவிடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தையல் ஆறுவதற்கு முன்பே, மார்கழி இரவிலும் கழுத்தும் முதுகும் நனைந்து எழுந்து உட்காருவேன். தூக்கம் போயிற்று. உறவின்போது வறட்சியும் வலியும் வந்தன. 45 வயதில் குளியலறையில் லேசாக வழுக்கி மணிக்கட்டு உடைந்தபோதுதான், சினைப்பைச் சுரப்பு நின்றதால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். வெள்ளைப்படுதலால் எலும்பு உருகும் என்று பயந்து போனவள், அறுவையால் எலும்பை இழந்தேன். அதிக இரத்தப்போக்குக்காகவோ புற்றுநோய்க்காகவோ எடுக்க வேண்டியவர்கள் எடுக்கத்தான் வேண்டும், அவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் கணவரையும் அடுத்த முறை மருத்துவரிடம் கூட அழைத்துச் செல்லுங்கள். சினைப்பையை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வியை அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள்.

பதில் 4: சர்க்கரை நோயாளி ஒருவர்

எனக்கு வந்தது பூஞ்சை. ஆறு மாதத்தில் நான்கு முறை வந்தது. கடைசியில், புதிதாக எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையான டாபாகுளிஃப்ளோசின்தான் தூண்டுகோல் என்று கண்டுபிடித்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து. அந்த இனிப்பு பூஞ்சைக்கு உணவாகிவிடுகிறது. மருந்தை நானாக நிறுத்தவில்லை, மருத்துவர்தான் மாற்றினார். அடிக்கடி அரிப்புடன் வெள்ளைப்படுபவர்கள் ஒருமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மீண்டும் கரூர் வாசகி (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கணவருடன் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஒரு பெண் மருத்துவர் விளக்கைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிவிட்டே செய்தார். அமிலத்தாள் நிறம் மாறியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வஜினோசிஸ் என்று எழுதினார்கள். பஞ்சில் அமிலம் தடவியபோது சுருக்கென்று சிறிது எரிந்தது, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்து வெளுப்பு எதுவும் இல்லை என்றார்கள். ஐந்து ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லி அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். சர்க்கரையும் சரியாக இருந்தது. சினைப்பை பற்றி என் கணவர் கேட்டார்; எதையும் எடுக்க வேண்டியதில்லை, கட்டியை மட்டும் ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்றார் அந்த மருத்துவர்.

ஏழு நாள் மாத்திரையை முடித்து மூன்று வாரம் ஆகிறது, வாடை இல்லை. கிருமிநாசினிப் புட்டியைக் கழிவறை கழுவ வைத்துவிட்டேன். எங்கள் தையல் பிரிவில் மதிய உணவு நேரத்தில் இதைச் சொன்னபோது, ஒருவர் தனக்கு உறவுக்குப் பின் இரத்தம் படுவதாகவும், நான்கு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்றும் மெல்லச் சொன்னார். மருத்துவர் மேலே எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். நாளை காலை ஒன்பது மணிக்கு அவரை நானே அழைத்துச் செல்கிறேன். அவருக்கு 46 வயது. இத்தகைய இரத்தப்போக்கு இருப்பவர்கள் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று மருத்துவரோ செவிலியர் அக்காவோ இன்று இரவுக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 5: மகளிர் நல மருத்துவர்

கடைசி மாதவிடாய்த் தேதி, இரத்தம் எத்தனை முறை எவ்வளவு பட்டது, இடுப்பு வலியோ எடைக் குறைவோ உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்பினால் போதாது. பார்க்கும்போது சந்தேகமான இடம் தெரிந்தால் அசிட்டிக் அமிலச் சோதனையோடு நிறுத்தாமல் சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நாளை இரத்தம் பட்டுக்கொண்டிருந்தாலும் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலும் இது சாதாரணக் காரணமாகவே இருக்கும், ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும்.