இன்ஜின் கரிக்கு ஆடிட்டிவ்: ஊற்றிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

சேலம், 1.2 லிட்டர் பெட்ரோல் கார்

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு இரண்டாம் கியரில் ஏறினால், தகர டப்பாவில் சல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இன்ஜினிலிருந்து ஓசை வரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கும், மிதித்தால் மறுபடி தொடங்கும். சமதளத்தில் ஒரு குறையும் தெரியாது. மைலேஜ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மலையேற்றத்தில் மட்டும் நாக்கிங் எனப்படும் இந்த ஓசை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஸ்டன் தலையில் படிந்த கரியை. அது பெட்ரோல் எரியும் எரி அறையின் இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் கூடுகிறது. சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஸ்பார்க் தொடங்கிவைத்த தீ பரவி முடிப்பதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடுகிறது. நாக் சென்சார் இதை உணர்ந்து ஸ்பார்க்கைப் பின்தள்ளும்போது இழுவை குறைகிறது.

ஒரு பட்டறையில் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை இறக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் வேலை செய்யும் மெக்கானிக் அண்ணன் மட்டும், "இறக்குவது இருக்கட்டும், முதலில் உள்ளே பார்த்துவிடுவோம்" என்றார். இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, செல்போனோடு இணைக்கும் மெல்லிய குழாய் கேமராவை அந்தத் துளை வழியே விட்டார். பிஸ்டன் தலை முழுவதும் கறுப்பு. நடுவில் தடித்து வெடிப்பு விட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் விரல்நகம் அகலத்துக்கு அலுமினியம் தெரிந்தது. நான்கு சிலிண்டரையும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

பிறகுதான் பெட்ரோலில் கலக்கும் ஆடிட்டிவ், அதாவது கரி இளக்கும் மருந்து, ஒரு பாட்டில் வாங்கினேன். லேபிளில் நான் தேடியது பாலிஈதர் அமீன் என்ற ஒரே பெயரை. இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தம் செய்யும் மருந்துகள் பல உண்டு. ஆனால் எரி அறையின் சூட்டைத் தாங்கி அங்கிருக்கும் கரியையும் இளக்குவதில் இதற்குத்தான் பெயர். பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்ற பழைய வகை வால்வுக்கு நல்லது, ஆனால் எரி அறையில் தானே கொஞ்சம் படிவை விட்டுவிடக்கூடும். என்ன மருந்து என்றே எழுதாத மலிவான பாட்டில்களில் பெரும்பங்கு மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான்தான். அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

டேங்க் காலியாகும் தறுவாயில் பாட்டிலை ஊற்றிவிட்டு, அதன் மேல் முழு டேங்க் பெட்ரோல் நிரப்பினேன். பெட்ரோல் விழும் வேகத்திலேயே கலந்துவிடும். அந்த டேங்க்கைக் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டித் தீர்க்காமல், தருமபுரி நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டமாக ஓட்டினேன். அடுத்த டேங்க்கிலும் அதேபோல்.

மறுபடி கேமராவை விட்டபோது மூன்று சிலிண்டர்களில் கரி திட்டுத்திட்டாக உதிர்ந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. முன்பக்கத்தைக் காட்ட பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் அம்புக்குறியை இப்போது படிக்க முடிந்தது. நான்காவதில் பாதிக் கரி அப்படியே இருந்தது. ஏற்காட்டில் ஓசை முற்றிலும் போய்விடவில்லை. கடைசி சில வளைவுகளில், ஏசி ஓடும்போது மட்டும், லேசாகக் கேட்கிறது. ஹெட்டை இறக்கும் செலவு மிச்சமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோயம்புத்தூர், டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்ஷன்

சேலம் நண்பருக்குப் பலன் கிடைத்ததற்கு ஒரு காரணம், அவர் காரில் இன்ஜெக்டர் பெட்ரோலை வால்வுக்கு முன்னால், உள்ளிழுக்கும் பாதையிலேயே தெளிக்கிறது. பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகும், அதில் கலந்த மருந்தும் அப்படியே.

என் காரில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டுகூடப் படாது. ஆனால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. சூடான வால்வில் அது ஒட்டி, காய்ந்து, அடுக்கடுக்காக ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் ஒரு நிமிடம் உதறும், சூடேறினால் சரியாகிவிடும். நல்ல ஆடிட்டிவ்தான் போட்டுவந்தேன். காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தபோது இன்ஜெக்டர் முனைகள் சுத்தமாக இருந்தன, அது மருந்தின் வேலை. வால்வுகளோ தார் பூசியதுபோல் இருந்தன. நகத்தால் சுரண்டினால் மேலே பிசுபிசுப்பு, அடியில் கல்.

நொறுக்கிய வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுத்தார்கள். ஓடு கரியை உரிக்கும், உலோகத்தைக் கீறாது. எந்த சிலிண்டரில் அடிக்கிறார்களோ அதன் வால்வு முழுமையாக மூடியிருக்கும்படி கிராங்க்கைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுத்தூள் சிலிண்டருக்குள் போய்விடும். ஒவ்வொன்றாக அவர்கள் திருப்பி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் காலையே உதறல் இல்லை.

டொயோட்டாவின் டி-4எஸ் போன்ற சில இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரும் சேர்ந்தே இருப்பதால் வால்வு கழுவப்படுகிறது. உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிட்டு பாட்டில் வாங்குங்கள்.

சென்னை, பிஎஸ் 6 டீசல்

என் தினசரி ஓட்டம் வேளச்சேரி நெரிசலுக்குள்தான். டீசல் இன்ஜின் சூடேறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும். இழுவை குறைந்து, இன்ஜின் விளக்கும் எரிந்தது. டீசல் ஆடிட்டிவ் ஊற்றியதில் ஐட்லிங் சத்தம் மிருதுவானது, விளக்கு அணையவில்லை. குறை இருந்தது ஈஜிஆர் வால்வில். புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அந்த வால்வு, புகைக்கரியும் ஆயில் ஆவியும் கலந்த களிம்பில் சிக்கி முழுதாக மூடாமல் நின்றிருந்தது. அந்தப் பக்கம் டீசல் போவதே இல்லை, டீசலில் கலந்த மருந்து எப்படிப் போகும்? கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் சரியானது.

சைலன்சர் பாதையிலுள்ள டீசல் கரி வடிகட்டிக்கும் ஒரு சொல். அதில் சேரும் கரி எரிந்து தீர சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நகர ஓட்டத்தில் அது வராது. இப்போது அவ்வப்போது செங்கல்பட்டு வரை நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறேன்.

மதுரை, மெக்கானிக்

பட்டறைக்கு பாட்டிலோடு வருகிறவர்களிடம் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டுவேன். பொடிப்பொடியாகக் காய்ந்த கறுப்பு என்றால் காற்றுக்குத் தேவையானதைவிட பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் பார்க்க வேண்டும். ஈரமாக, ஆயில் பளபளப்போடு கறுப்பு என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. நீலப் புகையும் வரும். அந்தக் காருக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் கரி மறுபடி படியும், ஏனென்றால் ஆயில் எரிந்துகொண்டே இருக்கிறது.

இன்னும் இரண்டை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். பல ஆண்டு ஆயில் சரியாக மாற்றாத பழைய இன்ஜினில், ஆயிலில் கலந்து கசட்டைக் கரைக்கும் இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றாதீர்கள். பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்ப்பின் வலைவடிகட்டியை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. அப்படி இன்ஜின் பிடித்துக்கொண்ட காரை நான் இறக்கியிருக்கிறேன், அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. அடுத்து, காற்றுப் பாதையில் திரவத்தைக் குபுகுபுவென்று ஊற்றாதீர்கள். சிலிண்டரில் திரவம் நிறைந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

திருச்சி

எனக்கும் ஆடிட்டிவ் போட்ட பிறகு நாக்கிங் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில்தான் எங்கள் பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. எதற்கு நன்றி சொல்வது?

சேலம்

நல்ல கேள்வி. எத்தனால் ஆக்டேனை, அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனை, கூட்டும், ஆகவே கரி அப்படியே இருந்தாலும் ஓசை குறையலாம். ஓசையை வைத்து முடிவு கட்டாமல் கேமராவை விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே பழைய கரியே இருந்தால் ஓசையைக் குறைத்தது பெட்ரோல்தான்.

பெட்ரோலிலேயே சுத்திகரிக்கும் மருந்து கலந்திருப்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2016-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ நடத்திய சோதனையில், 'டாப் டியர்' என்ற சுத்திகரிப்பு மருந்துத் தரத்துக்கு உட்படாத பெட்ரோலில், உட்பட்டதைவிட படிவு சராசரியாக 19 மடங்கு அதிகமாக இருந்தது. பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை சேர்ந்து 2004-இல் வகுத்த தரம் அது. நம் ஊர் பங்க்குகளில் ஆடிட்டிவ் கலந்த பெட்ரோல் தனிப் பெயர்களில் கிடைக்கிறது. வால்வு கழுவப்படும் வகைக் காராக இருந்தால் அவ்வப்போது அதை நிரப்புவது பயன் தரும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இளகிய கரியும் எரியாமல் மிஞ்சிய மருந்தும் ரிங் வழியே கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கும். அதனால் ஆயில் மாற்றும் தேதி நெருங்கும்போது ஆடிட்டிவ் போட்டு, அந்த டேங்க் தீர்ந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பாட்டிலில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு மேல் வேண்டாம்.