குவாரி டிப்பருக்கு நைலான் டயரா, ரேடியல் டயரா?

கேள்வி: கரூர் டிப்பர்க்காரர்

வணக்கம். க.பரமத்தி வட்டாரத்தில் ஒரு கருங்கல் குவாரியிலிருந்து கிரஷருக்குக் கல் ஏற்றும் பத்துச் சக்கர டிப்பர்கள் மூன்று என்னிடம் ஓடுகின்றன. ஒரு நடைக்கு நான்கு கிலோமீட்டர். அதில் ஒரு கிலோமீட்டர் மட்டுமே தார்ச்சாலை. மற்றதெல்லாம் குவாரிக்குள் ஏறி இறங்கும் பாறைத் தடம். மூன்றிலும் தொடக்கத்தில் நைலான் டயர்களே இருந்தன. டீசல் மிச்சமாகும், ரீட்ரேடிங்கும் (தேய்ந்த டயருக்கு மேல்ரப்பரைப் புதிதாக ஒட்டுவது) கூடுதலாக வரும் என்று டயர் விற்பவர் சொன்னதைக் கேட்டு, சென்ற ஆண்டு இரண்டு வண்டிகளுக்கு மட்டும் 10.00R20 அளவு ரேடியல் மாற்றினேன். பட்டன் (தரையில் படும் மேல்ரப்பர்) பாதிகூடத் தேயாத நிலையில் டயர்கள் வெட்டுப்பட்டுப் போகின்றன. மறுபடியும் நைலானுக்கே போவதா, பட்டன் ஆழமான வேறு ரேடியல் வாங்குவதா, அல்லது டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவத்தை முயன்று பார்ப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நாமக்கல் பட்டறை

ஐயா, எந்த டயர் வாங்குவது என்பதற்கு முன்னால், போன டயர்கள் எந்த இடத்தில் போயின என்பதைச் சொல்லுங்கள். பட்டனில் கல் இறங்கியதா, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) கிழிந்ததா, பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கி உள்பக்கம் அறுந்ததா? மூன்றும் மூன்று வேறு நோய்கள். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

லாரி ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் பல அடுக்காக இருப்பதால், மேலிருந்து குத்தும் கல்லை அது நைலானைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் சைடுவாலில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும் எஃகு இழை ஒரே ஓர் அடுக்குதான். ஓட்டத்தில் அது வளைந்து கொடுப்பதற்காக ரப்பரும் அங்கே மெல்லியதாகவே வைக்கப்பட்டிருக்கும். கூரான கல் ஒன்று அந்த ரப்பரைக் கிழித்துவிட்டால் ஈரம் உள்ளே இறங்கி இழை துருப்பிடிக்கத் தொடங்குகிறது. அன்றைக்குப் பஞ்சர் ஆகாவிட்டாலும் சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் வெடிக்கிறது. நைலான் டயரிலோ பல அடுக்குத் துணி குறுக்கும் நெடுக்குமாகச் சைடுவால் வரையிலும் வருவதால், வெளி அடுக்கு ஒன்று அறுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. எங்கள் பட்டறைக்கு வரும் குவாரி ரேடியல்களில் பெரும்பாலானவற்றை ரீட்ரேடிங் செய்ய முடியாமல் திருப்பி அனுப்புவதற்கு இந்தச் சைடுவால் வெட்டுதான் காரணம். பட்டனை எத்தனை ஆழமாக வாங்கினாலும் சைடுவாலுக்கு அதனால் பயன் இல்லை.

கரூர் டிப்பர்க்காரர்

நல்ல கேள்வி கேட்டீர்கள் ஐயா. நான் இதுவரை பார்க்காத கோணம் இது. கொட்டகையில் கிடந்த ஒன்பது ரேடியல்களையும் இன்று புரட்டிப் பார்த்தேன். ஆறில் சைடுவால் கிழிசல், அதுவும் ஐந்து வெளிச்சக்கரத்தில். இரண்டில் உள்பக்கம் வட்டமாக அறுந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி நடுவில் கல் சிக்கியதாக இருக்க வேண்டும். பட்டன் வழியாகப் போனது ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில்தான் அதிகம் போனது என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். அது ஏன் என்று விளங்கவில்லை.

பதில்: குவாரி மேற்பார்வையாளர்

மழையைப் பற்றி நான் சொல்கிறேன். ஈரமான ரப்பரில் கத்தி எப்படி வழுக்கிக்கொண்டு இறங்குமோ அப்படியே ஈரப் பாறையின் விளிம்பும் இறங்கும். காய்ந்த ரப்பர் கல்லைப் பிடித்து உதறிவிடும். நனைந்த ரப்பரில் அந்தப் பிடிமானம் இல்லை. டயர்க் கடையில் ரப்பரைச் சரியான அளவுக்கு வெட்டும்போது கத்தியைத் தண்ணீரில் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். தண்ணீர் தேங்கிய பள்ளத்துக்குள் கிடக்கும் கல் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம். ஆகவே தடத்தில் தண்ணீர் நிற்காமல் ஓரக்கால்வாய் எடுப்பது டயர்ச் செலவோடு சேர்ந்த வேலை என்றே நான் கணக்கு வைக்கிறேன்.

வெளிச்சக்கரம் மட்டும் கிழிகிறது என்றால் தடம் குறுகலாக இருக்கிறது, அல்லது ஓரத்தில் கல் குவிந்து கிடக்கிறது என்று பொருள். பக்கெட்டில் அள்ளிக் கூம்பாக ஏற்றும் லோடு திருப்பத்தில் சிந்துகிறது. சிந்திய கல்லின்மேல் அடுத்த நடையில் நம் வண்டியே ஏறுகிறது. நாளைக்கு இரண்டு முறை லோடரை அனுப்பித் தடத்தை வழித்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் போகும் டீசலை ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சுமைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 16 பிளை (டயரின் பலத்தைக் காட்டும் எண்) 10.00R20 டயரின் பக்கத்தில் பெரும்பாலும் 146/143 என்று அச்சிட்டிருக்கும். ஒற்றைச் சக்கரமாகப் போட்டால் 3,000 கிலோ, இரட்டையாகப் போட்டால் ஒவ்வொன்றும் 2,725 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 2018ஆம் ஆண்டு அச்சுச் சுமை உயர்த்தப்பட்டபோது பின்பக்க இரட்டை அச்சுக்கு 19 டன்னாக இருந்த வரம்பு 21 டன் ஆனது. அதை எட்டு டயர்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2,625 கிலோ. அதாவது சட்டப்படி ஏற்றினாலே ஒரு டயரில் மிச்சம் நூறு கிலோதான். குவாரிக்குள் யாரும் சட்டப்படி ஏற்றுவதில்லை என்பதை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். சுமை கூடினால் சைடுவால் வெளியே பிதுங்குகிறது, பிதுங்கிய இடத்தில் கல் உரசுகிறது. காற்றுக் குறைந்தாலும் விளைவு இதுவே. அதற்காக அளவுக்கு மீறிக் காற்று அடித்தாலும் ஆபத்துதான்: விறைத்து நிற்கும் பட்டன் கல்லுக்கு இடம் கொடுக்காமல் வெட்டுப்படும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, டயர்க் கம்பெனி அந்தச் சுமைக்குக் குறிப்பிட்ட அழுத்தத்தையே வைக்க வேண்டும். நடுப்பகலில் சூடேறி அழுத்தம் உயர்ந்ததைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கும் பழக்கம் எங்கள் ஓட்டுநர்களிடமும் இருந்தது. அதை நிறுத்தவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கும் கல்லுக்கு, பெரிய டம்பர்களில் இருப்பதுபோல இரும்புப் பட்டை ஒன்றை மேலிருந்து நடுவில் தொங்கவிடலாம்; கல் சுற்றி வரும்போது தட்டி வெளியேற்றிவிடும். அது முடியாவிட்டால், ஒவ்வொரு நடை முடிந்ததும் கிளீனர் ஒரு கடப்பாரையோடு இறங்கிப் பார்த்தாலே போதும்.

பதில்: பழைய மெக்கானிக்

பஞ்சர் திரவம் ஆணி குத்திய துளை போன்ற சிறு ஓட்டைகளை அடைக்கும். உங்கள் டயர்கள் கிழிந்து போகின்றன. கிழிசலை எந்தத் திரவமும் அடைக்காது. உள்ளே பாலியூரித்தேன் நிரப்பிக் காற்றே இல்லாத டயராக ஆக்குவது மெதுவாக ஊர்ந்து வேலை செய்யும் லோடருக்குப் பொருந்தும். எடையும் சூடும் கூடிவிடும் என்பதால் சாலையில் ஓடும் டிப்பருக்கு அது ஆகாது.

நைலானுக்குப் போவதென்றால் வண்டிக்கு முழுவதுமாகப் போங்கள். ஒரே அச்சில் நைலானையும் ரேடியலையும் கலக்கவே கூடாது. வளையம் போட்டுப் பூட்டும் ரிம் என்றால், காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ சங்கிலி சுற்றியோதான் அடிக்க வேண்டும். வளையம் தெறித்து ஆள் போன இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நாமக்கல் பட்டறை

ஐயா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கிரஷரிலிருந்து வெளியூர்களுக்கு ஜல்லி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் உங்கள் வண்டிகள் செய்கின்றனவா? நைலான் டயர் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். குவாரிக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கவலை இல்லை. ரேடியலுக்கு நிலைமை நேர்மாறு: நீண்ட ஓட்டம் அதற்கு ஒத்துவரும், குவாரிக்குள்தான் கவலை.

கரூர் டிப்பர்க்காரர்

செய்கின்றன ஐயா. திருப்பூர், ஈரோடு வரை ஜல்லி போகிறது. இதுவரை எந்த வண்டி சும்மா நிற்கிறதோ அதை அனுப்பிக்கொண்டிருந்தேன். நாளை முதல் ரேடியல் வண்டிகள் இரண்டும் ஜல்லி நடைக்கு மட்டும். நைலான் வண்டி குவாரிக்குள் மட்டும். கல் நடைக்கு இன்னொரு வண்டி தேவைப்படும் நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். லோடர்க்காரரிடம் தடத்தை வழிக்கச் சொல்லியாயிற்று. கூம்பாக அள்ள வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் முகத்தைச் சுளித்தார்.