வாசிக்கக் கேட்ட கவிதையைப் பற்றி 5 நிமிடம் பேசணும், எப்படி?

புதுவயல் தம்பி:
காரைக்குடியில் ஒரு வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) கவிதை வாசிப்பு. முதுமையைப் பற்றி 24 வரிக் கவிதை, கவிஞரே வாசிக்கிறார். அச்சுப்பிரதி முன்கூட்டிக் கிடைக்காது. முடிந்ததும் நான் பேசணும். புரியாத இடத்தில், கவியரங்கம் மாதிரி நடுவில் ‘மறுமுறை’ கேட்கலாமா?

முகப்புத் திண்ணை:
கேட்காதீங்க தம்பி. கவியரங்கப் பாட்டில் வரியைத் திருப்பிச் சொன்னால் சூடு ஏறும். யோசித்து யோசித்து நகர்கிற கவிதையில் இழை அறுந்துவிடும். முடிந்தபின் முழுசாக இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க. வரிக்கு 5 விநாடி வைத்தாலும் 2 நிமிடம்தான். முதல் தடவை பேனாவைத் தொடாமல் கேளுங்க. அடுத்த தடவை குரல் நின்ற இடங்களை மட்டும் குறிச்சுக்கிங்க.

அந்த இடங்கள்தான் உங்க பேச்சுக்கு மூலதனம். நம்ம மகிபாலன்பட்டிக்காரர் என்று சொல்லப்படும் பூங்குன்றனாரின் புறநானூறு 192-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: ‘சாதலும் புதுவது அன்றே வாழ்தல் / இனிதென மகிழ்ந்தன்றும் இலமே’. பொருள் ‘அன்றே’யில் முடிகிறது, அடி ‘வாழ்தல்’ வரை ஓடுகிறது. அடி முடிவில் நின்றால் சாவும் வாழ்வும் ஒரே மூச்சில் அருகருகே உட்காரும். ‘அன்றே’யில் நின்றால் பொருள் தெளியும், அந்த நெருக்கம் போய்விடும். உங்க கவிஞர் எங்கே நின்றார் என்பதைச் சொல்லுங்க. தாளில் படிப்பவருக்கு அது கிடைக்காது.

கோட்டையூர் ஆச்சி:
காதை மட்டும் நம்பாதீங்க. நம்ம பக்கம் ழகரம் ளகரமாகிவிடும். ‘வழி’யா, ‘வளி’யா, ‘வலி’யா என்பதில் முதுமைக் கவிதையின் அர்த்தமே மாறும். சந்தேகச் சொல்லைக் கவிஞரிடமே தனியாகக் கேட்டுக்கிங்க.

வளவில் எதிரொலியும் உண்டு. வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, இரண்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ‘அவனும்’, ‘அவனே’ இரண்டும் கடைசி அசை கலங்கி ஒன்றாகக் கேட்கும். ஜமக்காளம் விரிச்சு, ஆட்களை நெருக்கி உட்காரவைங்க. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினால் கலக்கம்தான் கூடும்.

புதுவயல் தம்பி:
நன்றி ஆச்சி. 5 நிமிடத்தை எப்படிப் பிரிக்க?

முகப்புத் திண்ணை:
கதைச்சுருக்கம் வேண்டாம், இப்போதுதானே எல்லாரும் கேட்டாங்க. ஒரே ஒரு இடத்தை எடுத்து, அவர் நிறுத்தின மாதிரியே சொல்லிக்காட்டி, அங்கேயே 3 நிமிடம் நில்லுங்க. மீதியில் கவிஞரிடம் ஒரு கேள்வி, ‘ஏன் எழுதினீங்க’ என்று இல்லாமல் ஒரு சொல்லைப் பற்றி. அப்புறம், அவர் தாளை மடித்ததும் எழுந்துவிடாதீங்க. மனசுக்குள் பத்து எண்ணுங்க. கவிதை சபையில் இறங்க அந்த நேரம் வேணும்.