மெரூன் அட்டை மடிப்பில் வெடிக்கிறது, என்ன செய்யலாம்?

பெரம்பூர்க்காரி:
போன பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த வாழ்த்தில் பாதி ஒரே பானை, ஒரே கரும்பு. இந்த வருஷம் 12 வீட்டுக்கு என் கையால் அட்டை செய்து தபாலில் போடுவதென்று கிளம்பிவிட்டேன். சின்ன வயதில் அப்பா கட்டுக்கட்டாக வாழ்த்து வாங்கி வருவார், விலாசம் எழுதுவது என் வேலை. மாட்டுவண்டி படம் போட்டதை மட்டும் ஒளித்து வைத்துக்கொள்வேன்.

பாரிமுனை பந்தர் தெருவில் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டி அட்டை, ஏ4 அளவில் 12 வாங்கினேன். மேலே மெரூன், உள்ளே வெள்ளை. நடுவில் மடித்தால் மடிப்பு நெடுக வெடித்து, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி வெள்ளை தெரிகிறது. பெவிகால் தடவிக் கோலத்தாளை ஒட்டினால் அட்டை படகாக வளைகிறது. 3 அட்டை போச்சு.

பழைய அச்சாபீஸ்:
ஏம்மா, காகிதத்துக்கும் நார் ஓட்டம் உண்டு. அட்டையை நீளவாக்கில், அகலவாக்கில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ, மடிப்பு அந்தப் பக்கம்தான் விழ வேண்டும். ஏ4-ல் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். நீங்கள் அதை நடுவில் குறுக்கே மடித்திருக்கிறீர்கள், வெடிக்காமல் என்ன செய்யும்?

அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மறுபடி பாதியாக மடியுங்கள். இப்போது மடிப்பு நாரோடு போகும். மடிக்கும் முன் மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போடுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே இருக்கட்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

அடையாறு மீனு:
அண்ணன் சொன்ன மாதிரி வெட்டினால் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை வரும், சி6 கவரில் சரியாக உட்காரும். கவரை முதலில் வாங்கிவிடுங்கள் அக்கா. நான் ஒருமுறை அட்டையை முடித்துவிட்டுக் கவர் தேடி அலைந்தேன், கடைசியில் கவரையும் நானே ஒட்டினேன்.

பெவிகாலில் இருக்கும் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் குடிப்பதால்தான் வளைகிறது. கோலத்தாளுக்கு இரட்டைப் பக்க டேப் போதும். க்வில்லிங், அதாவது மெல்லிய காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் சுருளுக்கு மட்டும் பல்குத்தி நுனியில் துளி பெவிகால். சுருள் ஒட்டும் முன் அட்டையை ஒரு ராத்திரி பாரத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே பழைய டெலிபோன் டைரக்டரி இருக்கிறது!

பெரம்பூர்க்காரி:
வளைத்துப் பார்த்தேன், நார் நீளவாக்கில்தான் ஓடியது. ரீஃபில் கோடு போட்டு மடித்தேன், ஒரு கீறல் இல்லை. டைரக்டரி இல்லாததால் அம்மிக்கல், அடியில் ஒரு பலகை. மிச்சமிருந்த 9 அட்டையில் 18 வாழ்த்து வந்தது, ஆறு கூடுதல். ரெண்டு வருஷமாகப் பேசாத பெரிய நாத்தனாருக்கும் ஒன்று எழுதிவிட்டேன். கவரில் விலாசம் மட்டும் இன்னும் எழுதவில்லை.